மனித நடமாட்டம் விலங்குகளை என்ன செய்கிறது? முதல் ஆய்வைத் தொடங்குபவருக்கு

காட்டின் ஓரமாக ஒரு நடைபாதை. காலையிலும் மாலையிலும் ஆட்கள் போய்வருகிறார்கள். "முன்பெல்லாம் இந்த வளைவில் மான் கூட்டமாக நிற்கும், இப்போது ஒன்றையும் காணோம்" என்று நெடுநாளாக நடந்து பழகிய ஒருவர் சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆள் நடமாட்டம் கூடியதால் மான் ஓடிவிட்டது என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மான் எங்கும் போகாமல், ஆட்கள் வராத நேரமாகப் பார்த்து மேயப் பழகியிருக்கலாம். புதர் அடர்ந்ததால் கண்ணில் படாமல் இருக்கலாம். வறட்சியாலோ நோயாலோ பாதை இல்லாத இடங்களிலும் சேர்த்தே குறைந்திருக்கலாம். இதில் எது என்று தெரியாமல் பாதையை மூடினால் நடப்பவர்களுக்குக் கோபம்தான் மிஞ்சும், மானுக்கும் பலன் இருக்காது.

இந்த ஒரு பாதையையும் ஒரு மானையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், பொறுமை, முடிந்தால் மரத்தில் கட்டும் நாலைந்து தானியங்கி கேமரா போதும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அகலக்கால் வைக்கிறார்கள். "சுற்றுலாவால் வனவிலங்குகளுக்கு ஏற்படும் பாதிப்பு" என்று தலைப்பு எழுதிவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஆறு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான். என் முதல் நோட்டில் பதினெட்டு விலங்குகளின் பெயர் இருந்தது, எதைப் பற்றியும் உருப்படியான ஒரு வரி இல்லை.

கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். எந்த விலங்கு, மனிதரின் எந்தச் செயல், அதனால் விலங்கிடம் எது மாறுகிறது, எங்கே எப்போது. "ஆட்கள் அதிகம் வரும் நாட்களில், பாதையிலிருந்து 50 மீட்டருக்குள் மான் பகலில் வருவது குறைகிறதா?" இப்படிக் கேட்டால் அளக்க முடியும். என்ன கிடைத்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் களத்துக்குப் போகும் முன்பே எழுதிவையுங்கள். பின்னால் எழுதினால் மனசு நமக்குச் சாதகமாகவே கணக்குப் போடும்.

எதை அளப்பது என்பதில் ஒரு யோசனை: முதல் ஆய்வில் "மொத்தம் எத்தனை மான்" என்ற கேள்வியைத் தொடாதீர்கள். எண்ணிக்கைதான் எளிது என்று தோன்றும், உண்மையில் அதுதான் ஆகக் கடினம். ஒரு விலங்கை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடிந்தால் வழி இருக்கிறது. ஒரு குளத்தில் 20 ஆமைகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறீர்கள். அடுத்த முறை 25 ஆமைகள் சிக்குகின்றன, அவற்றில் 10 அடையாளம் உள்ளவை. குளம் முழுவதும் அதே விகிதம் என்று கொண்டால், ஏறத்தாழ 20 பெருக்கல் 25, வகுத்தல் 10, அதாவது 50 ஆமைகள். இதே கணக்கின் வளர்ந்த வடிவத்தைத்தான் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலிகளுக்குப் பயன்படுத்தினார். புலியின் வரிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் என்பதால் பிடிக்கத் தேவையில்லை, கேமராவில் பதிந்த படமே அடையாளம். மான் கூட்டத்தில் இதைச் செய்யப் பார்த்தால் கண் பூத்துப்போகும். அதனால் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்பதை அளப்பதோடு தொடங்குங்கள். மனிதத் தொந்தரவு முதலில் தெரிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அனுமதி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விலங்கைத் தொடுவது, பிடிப்பது, அடையாளமிடுவது எல்லாவற்றுக்கும் தனி அனுமதியும் பயிற்சியும் வேண்டும். முதல் ஆய்வில் அந்தப் பக்கமே போக வேண்டாம். அனுமதி கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் ஆகலாம், அந்த நேரத்தில் இடத்தைச் சுற்றிப் பார்த்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பிட ஓர் இடம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாதை திறப்பதற்கு முந்தைய மாதம் கேமராக்களில் மான் 40 முறை பதிந்தது, திறந்த பிறகு 25 முறை என்று வைத்துக்கொள்வோம். பெரிய சரிவு போலத் தெரியும். ஆனால் பாதையே இல்லாத, மற்றபடி அதே மாதிரியான இன்னொரு பகுதியில் அதே மாதங்களில் 38 என்பது 24 ஆகியிருந்தால்? குறைந்ததற்குப் பாதை காரணமில்லை. மழையோ மேய்ச்சலோ பருவமோ, இரண்டு இடத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று காரணம்.

ஆகவே நான்கு கட்டங்கள் வேண்டும்: பாதிப்பு உள்ள இடம், இல்லாத இடம், இரண்டிலும் முன், இரண்டிலும் பின். நடைமுறையில் "முன்" என்பது கிடைக்காது. நம்மைக் கூப்பிடும்போது பாதை போட்டு ஐந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். பாதையிலிருந்து 25, 100, 200, 400 மீட்டர் என்று தள்ளித் தள்ளி அளக்கலாம். கூட்டம் அலைமோதும் விடுமுறை நாட்களையும் வெறிச்சென்று கிடக்கும் வார நாட்களையும் ஒப்பிடலாம். பராமரிப்புக்காகப் பாதையை மூடும் வாரம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மனித நடமாட்டம் நின்றால் விலங்குகள் என்ன செய்யும் என்று பார்க்க ஆய்வாளர்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஏற்கெனவே கேமராவும், விலங்கின் கழுத்தில் மாட்டி இருப்பிடம் அறியும் காலரும் ஓடிக்கொண்டிருந்த இடங்களில்தான் அதை முழுதாகப் பயன்படுத்த முடிந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரே பாதையில் பத்து கேமரா வைத்துவிட்டு, பத்து மாதிரி எடுத்தேன் என்று எழுதுவது. பத்து கேமராவும் பார்ப்பது ஒரே பாதையைத்தான். அந்தப் பாதையைப் பற்றிப் பேச அது போதும், பாதைகள் பொதுவாக மானை விரட்டுகின்றன என்று சொல்லப் போதாது. 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இந்தத் தவறு அச்சான ஆய்வுகளிலேயே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். இன்றும் அது குறைந்தபாடில்லை.

மனிதரையும் எண்ணுங்கள்

விலங்கைத் துல்லியமாக எண்ணிவிட்டு, மனிதர்களைப் பற்றி "அதிகம்", "குறைவு" என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது மனித நடமாட்டத்தைப் பற்றிய ஆய்வு. பாதி அளவீடு மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

மணிக்கு எத்தனை பேர், தனியாகவா கூட்டமாகவா, நடையா சைக்கிளா, நாய் கூட வருகிறதா, பாதையிலேயே போகிறார்களா விலகிக் காட்டுக்குள் இறங்குகிறார்களா. இந்தக் கடைசி இரண்டையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் அமைதியாக வந்துபோகும் ஆளுக்கு விலங்கு பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எங்கிருந்து வரும் என்று தெரியாத ஆளையும், மோப்பம் பிடித்தபடி புதருக்குள் நுழையும் நாயையும் அது வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது.

கேமராவில் மனித முகம் பதியும். வழியில் அறிவிப்புப் பலகை வையுங்கள், எண்ணி முடித்ததும் ஆட்கள் உள்ள படங்களை அழித்துவிடுங்கள்.

கேமராவை எப்படிக் கட்டுவது

தானியங்கி கேமரா என்பது, எதிரே வெப்பம் சட்டென்று இடம் மாறினால் படமெடுக்கும் பெட்டி. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். அதற்கு மான் என்றும் தெரியாது, புல் என்றும் தெரியாது. வெயிலில் சூடான இலை ஒன்று காற்றில் ஆடினால் போதும், எடுத்துத் தள்ளிவிடும். மெமரி கார்டைத் திறந்து பார்த்தால் மூவாயிரம் படம், மூவாயிரத்திலும் அதே புல். எனவே கேமராவுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஆடும் புல்லையும் தாழ்ந்த கிளையையும் மட்டும் விலக்குங்கள். ஆர்வத்தில் இடத்தையே மொட்டையடித்துவிடக் கூடாது, பிறகு நீங்கள் அளப்பது வெட்டவெளிக்கு வரும் மானைத்தான்.

மான் அளவு விலங்குக்கு முழங்கால் உயரம் சரி. கிழக்கையும் மேற்கையும் பார்த்துக் கட்டாதீர்கள், காலை மாலை வெயில் நேராக விழுந்து படத்தைக் கெடுக்கும். விலங்கு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே செங்குத்தாக வைத்தால் வாலும் பின்னங்காலும் மட்டும் கிடைக்கும். சற்றுச் சாய்வாக, தடத்தின் நீளத்தைப் பார்க்கும்படி வையுங்கள். கட்டி முடித்ததும் நீங்களே குனிந்து, தவழ்ந்து அதன் முன்னால் போய்வாருங்கள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை. கேமரா எவ்வளவு தூரம்வரை உங்களைப் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிகாரம். ஒரு முறை நான் வைத்த கேமராவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மான் மேய்வதாகப் படத்துக்குப் படம் பதிந்திருந்தது. ஆட்களுக்குப் பயந்து இரவுக்கு மாறிவிட்டது, அருமையான முடிவு என்று உட்கார்ந்து வரைபடமே போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நள்ளிரவில் மானுக்கு நிழல் எப்படி விழுகிறது?" என்று கேட்டார். முற்பகல், பிற்பகல் மாற்றி வைத்திருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் தப்பு, ஒரு மாத வேலை. அன்றிலிருந்து இரண்டு பழக்கம். எல்லாக் கேமராவிலும் 24 மணி நேர முறைதான். கட்டி முடித்ததும், கழற்றும் முன்பும், இடத்தின் பெயர், தேதி, நேரம் எழுதிய சிலேட்டைக் கேமரா முன் காட்டி ஒரு படம். கடிகாரம் ஓடியதா, நின்றதா, எத்தனை நிமிடம் பிசகியது என்று அந்த இரண்டு படமே சொல்லிவிடும். தவறு தெரிந்தால் கணக்கில் திருத்திக்கொள்ளவும் முடியும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "இங்கே வைத்தால் நல்ல படம் கிடைக்கும்" என்ற ஆசையை அடக்குங்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்று என்று வையுங்கள். உப்போ தீவனமோ வைத்து இழுக்காதீர்கள். மானை நீங்களே வரவழைத்துவிட்டு, மனிதரால் அது வரவில்லையா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

படங்களை எண்ணும் விதமும் முக்கியம். ஒரு மான் கேமரா முன் இருபது நிமிடம் நின்று மேய்ந்தால் தொண்ணூறு படம் விழும். அது தொண்ணூறு வருகை ஆகாது. ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்குள் பதிந்த ஒரே இனத்தை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொள்வது பலர் பின்பற்றும் வழக்கம். அதோடு உழைப்பையும் கணக்கிடுங்கள். 10 கேமரா, 30 நாள் என்றால் 300 கேமரா நாட்கள். ஒன்றில் பத்தாம் நாளே பேட்டரி தீர்ந்திருந்தால் அது 280. மான் எத்தனை முறை பதிந்தது என்பதை எப்போதும் இந்த எண்ணோடு சேர்த்தே சொல்லுங்கள்.

கேமரா இல்லாவிட்டால்

கவலையில்லை. ஈரமணல் பரப்பி ஒரு சதுரம் அமைத்து, மாலையில் சமன்படுத்திவிட்டுக் காலையில் தடம் பார்க்கலாம். எச்சத்தையும் எண்ணலாம். சிறு சிறு வட்டங்களைக் குறித்து, உள்ளே கிடப்பதை முதலில் சுத்தமாக அகற்றிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். மழைக்காலத்தில் எச்சம் சீக்கிரம் கரையும், வண்டுகளும் உருட்டிப் போய்விடும். ஆகவே ஒரு பருவத்து எண்ணை இன்னொரு பருவத்தோடு ஒப்பிடாதீர்கள்.

நேர்கோட்டில் நடந்து எண்ணும் முறையும் உண்டு. விடிந்ததும், இரண்டு பேர், பேசாமல், மெதுவாக. விலங்கைப் பார்த்த இடம் நீங்கள் நடக்கும் கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று அளந்தால்தான் அந்த நடைக்கு மதிப்பு. தூரம் கூடக் கூட எவ்வளவு தவறவிடுகிறோம் என்று அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

சாலையில் அடிபட்ட உயிர்களை எண்ணுவதாக இருந்தால் விடிவதற்குள் போங்கள். தவளை, பாம்பு, சிறு பறவை போன்றவற்றை இரவிலும் அதிகாலையிலும் காகமும் நாயும் தூக்கிப்போய்விடும். பத்து மணிக்குப் போய் "சாலை சுத்தமாக இருந்தது" என்று எழுதுபவர் காகத்தின் வேகத்தைத்தான் அளந்திருக்கிறார்.

பார்க்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

ஓர் இடத்தில் மான் இருக்கிறது. ஒரு முறை போனால் அது உங்கள் கண்ணில் படுவதற்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறவிடும் வாய்ப்பு 0.7. மூன்று முறை போயும் பார்க்காமலே திரும்பும் வாய்ப்பு 0.7ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.34. மூன்றில் ஒரு பங்கு! ஐந்து முறை போனால் 0.17, ஒன்பது முறை போனால் 0.04. ஆக மூன்று முறை போய்விட்டு "இங்கே மான் இல்லை" என்று எழுதினால், மான் இருக்கும் இடங்களிலேயே மூன்றில் ஒன்றில் தவறாக எழுதியிருப்பீர்கள்.

இதில் மனித நடமாட்டம் வேறு குட்டையைக் குழப்பும். ஆட்கள் வரும் இடத்தில் மான் அதிகம் பதுங்கினால், அது அங்கே இருந்தும் கண்ணில் படுவது குறையும். எண்ணிக்கை குறைந்ததா, கண்ணில் படுவது குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். 2002இல் டாரில் மெக்கன்சியும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு முறை இதற்காகவே ஏற்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வருகையிலும் பார்த்தது 1, பார்க்காதது 0 என்று வரிசையாக எழுதினால், அந்த இடங்களில் எத்தனையில் விலங்கு உண்மையில் இருந்திருக்கும் என்று அது மதிப்பிடும். இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு உங்களிடம் இருக்க வேண்டியது அந்த 0கள்தான்.

அதனால் வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுதுங்கள். போன நேரம், திரும்பிய நேரம், வானிலை, கூட வந்தவர், "மான் 0". இந்த வரியை எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து நோட்டைப் புரட்டும்போது இந்த வரி இல்லாத நாட்கள் போகாத நாட்களா, பார்க்காத நாட்களா என்று உங்களுக்கே தெரியாது. பென்சிலில் எழுதுங்கள், பேனா மழையில் கரையும். அன்று இரவே பக்கங்களைப் படமெடுத்து இன்னோர் இடத்தில் சேமியுங்கள்.

நீங்களும் ஒரு மனித நடமாட்டம்தான்

கேமராவைப் பார்க்க வாரம் மூன்று முறை போனால், ஆள் வராத ஒப்பீட்டு இடத்துக்கு ஆள் வரவைப்பது நீங்கள்தான். இரண்டு இடங்களுக்கும் ஒரே அளவு, முடிந்தவரை குறைவாகப் போங்கள்.

நம் கருவிகளே விலங்கைக் கெடுக்கும் என்பதற்குப் பென்குயின்களைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அரசப் பென்குயின்களின் துடுப்பில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி அடையாளம் காண்பது நெடுநாள் வழக்கம். வளையம் மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் பத்து வருடம் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. வளையம் மாட்டியவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்தன, உயிர் பிழைப்பதும் 16 சதவீதம் குறைந்தது. வளையம் மாட்டிய பறவைகளை வைத்துக் கடல் சூழல் மாறுவதை அளந்துகொண்டிருந்தவர்கள், அதில் எவ்வளவு கடலால், எவ்வளவு வளையத்தால் என்று கேட்க வேண்டியதாயிற்று. காலர், வளையம், டிரான்ஸ்மிட்டர் எதுவானாலும் எடை உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பொது விதி இருக்கிறது. அதற்குள் இருந்தாலே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

ஓர் ஈரநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் காலணியைக் கழுவிக் காயவையுங்கள். தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற பூஞ்சைத் தொற்று ஈரமான சேற்றோடு பயணிக்கக்கூடியது. கூடு கண்டால் கிட்டப் போகாதீர்கள், நீங்கள் போன வழியையே கொன்றுண்ணிகள் தொடரலாம். அரிய விலங்கின் இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே வேண்டாம். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் புள்ளியையும் நீக்கிவிடுங்கள், வேட்டைக்காரரும் அதைப் படிப்பார்.

முடிவைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள்

மான் ஓடவில்லை, ஆகவே பாதிப்பில்லை. இப்படி எழுதத் தோன்றும். கற்களைப் புரட்டி இரை தேடும் ஒரு கரையோரப் பறவையை வைத்து 2004இல் வெளியான ஒரு சோதனை இதைத் தலைகீழாக்கியது. சில பறவைகளுக்குக் கூடுதலாக இரை போட்டார்கள். ஆள் நெருங்கியபோது, வயிறு நிறைந்த அந்தப் பறவைகள்தான் தூரத்திலேயே பறந்தன. மற்றவை ஆள் இன்னும் கிட்ட வரும்வரை அசையவில்லை. பறந்தால் சாப்பாடு போய்விடும் என்ற நிலையில் இருப்பவை நின்றுகொண்டே இருக்கும். ஆகவே எது சட்டென்று ஓடுகிறதோ அதுதான் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது, போக வேறு இடம் இல்லாததாலும் ஒன்று நிற்கலாம்.

பாதையோரம் விலங்கு கூடினால் நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் மூஸ் எனப்படும் பெரிய மானினம் குட்டி போடச் சாலையோரத்தை நோக்கி ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வந்ததை ஆய்வாளர் ஜோயல் பெர்கர் 2007இல் காட்டினார். குட்டிகளைத் தின்னும் கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடிகள் சாலையை ஒதுக்கும் என்பதால் மனிதரையே கேடயமாக்கிக்கொண்டன. சாலை மூஸுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று இதைப் படித்தால் கரடியை மறந்துவிடுவோம்.

நேரத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைக் கெய்ட்லின் கேனரும் குழுவும் 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். 62 பாலூட்டி இனங்கள். மனிதர் இருக்கும் இடங்களில் அவற்றின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு. பகலும் இரவும் சரிபாதியாக வாழ்ந்த விலங்கு, நூற்றுக்கு 68 பங்கை இரவுக்குத் தள்ளியது என்று கணக்கு. ஓசையில்லாமல் நடந்துபோவது, மலையேறுவது போன்றவற்றுக்கும் வேட்டைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளைவுதான். மொத்தப் பதிவுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் மான் குறையவே இல்லை என்று தோன்றும், மணிவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் தெரியும்.

காரணம் கண்முன்னே இருப்பதாகத் தோன்றினாலும் இன்னொரு முறை கேளுங்கள். பாறு கழுகுகள் 1990களில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது நோய்க்கிருமி என்று பலரும் தேடினார்கள். கால்நடைக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணிதான் காரணம் என்று 2004இல்தான் தெரிந்தது. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தியாவில் கால்நடைக்கு அதைத் தடை செய்தது 2006இல். வேட்டையையோ வாழிடத்தையோ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

கண்டறிந்ததைச் செயலாக்கும்போது

நிர்வாகத்திடம் முப்பது பக்க அறிக்கை கொடுத்தால் அலமாரிக்குத்தான் போகும். இரண்டு பக்கம் எழுதுங்கள். என்ன அளந்தோம், எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும், எதை மாற்றிப் பார்க்கலாம். பாதையை மூடுவது என்ற ஒரே யோசனையோடு போகாதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு மூடுவது, நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்வது, குட்டி போடும் இரண்டு மாதம் மட்டும் வேறு வழியாகத் திருப்பிவிடுவது, வளைவில் ஒரு தடுப்பு வைத்து ஆட்கள் காட்டுக்குள் இறங்காமல் பார்ப்பது என்று சிறு மாற்றங்கள் நிறைய உண்டு. கடலாமைக் குஞ்சுகள் கரையோர விளக்கைப் பார்த்துத் திசை தவறும் இடங்களில் விளக்கையே எடுக்க வேண்டியதில்லை. தாழ்வாக, மூடியிட்டு, கரைப்பக்கம் தெரியாதபடி, மஞ்சள் சிவப்பு நிறத்தில் மாற்றினாலே பெருமளவு தீரும்.

விலங்கை எடுத்து வேறிடத்தில் விடுவது சுலபமான தீர்வாகத் தெரியும். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முன்பு ஆண்டுக்குச் சராசரி 4 என்றிருந்த மனிதர் மீதான தாக்குதல், அதற்குப் பிறகு 17 ஆனது என்று வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் எழுதினார்கள். தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட சிறுத்தை அமைதியாக உட்காராது.

நல்லதையே அவசரமாகச் செய்தாலும் கெடும். யெல்லோஸ்டோனில் கரடிகள் பல பத்தாண்டுகளாகக் குப்பைமேட்டில் தின்று பழகியிருந்தன. மேடுகளைப் படிப்படியாக மூடுங்கள் என்று அங்கே கரடிகளை ஆய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சொன்னார்கள். நிர்வாகம் 1970ஐ ஒட்டிச் சட்டென்று மூடியது. சோறு போன கரடிகள் முகாம்களுக்கு வந்தன, நிறைய கொல்லப்பட்டன. 1975இல் அங்குள்ள கிரிஸ்லி கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டு, மேலும் கீழுமாக விலங்குகள் கடக்க வழிகள் கட்டினார்கள். வாகன மோதல் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் கிரிஸ்லி கரடிகள் அந்த வழிகளைப் பழகச் சில வருடங்கள் ஆயின. ஆறு மாதத்தில் போய்ப் பார்த்து "கரடி வரவில்லை, பாலம் வீண்" என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான். அங்கே 1996இலிருந்து தொடர்ந்து தடம் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் மெல்லக் கூடியது தெரிந்தது.

சரி, நம் பாதைக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு மூடுவது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அறிவிப்புப் பலகை வைக்கும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே கேமராக்கள் பழைய மரங்களில், பழைய உயரத்தில், பழைய திசையில் இருக்க வேண்டும், ஒப்பீட்டு இடத்திலும்தான். பிறகு அடுத்த வருடம் அதே வாரங்களில் மறுபடியும். மரத்தில் பெயின்ட் புள்ளி அழிந்துபோகும், ஆகவே ஒவ்வொரு மரத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் ஒரு படத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். சிலேட்டை மறக்காதீர்கள்.